மணலை முறுக்கிப் பார்ப்பது ஏன்? காலடி மண் ‘தண்ணீராகும்’ கதை

1964 ஜூன் 16, மதியம் 1 மணி. ஜப்பானின் நிகாட்டா நகரத்தில் 7.5 அளவிலான நிலநடுக்கம். கவாகிஷி-சோ என்ற பகுதியில் வரிசையாக நின்ற நான்கு மாடிக் குடியிருப்புகளில் சில மெதுவாகச் சாய ஆரம்பித்தன. அதில் ஒன்று கிட்டத்தட்டப் படுத்தே விட்டது. குடியிருந்தவர்கள் வெளிச்சுவர் மேலேயே நடந்து இறங்க முடிகிற அளவுக்குச் சாய்வு. விசித்திரம் என்னவென்றால், கட்டடத்தில் பெரிய விரிசல் இல்லை, தூண் முறியவில்லை, கான்கிரீட் நொறுங்கவில்லை. கட்டடம் பாஸ், அதன் அடியில் இருந்த மணல்தான் ஃபெயில்.

அதே நகரத்தில் ஷினானோ ஆற்றின் மேல் அப்போதுதான் கட்டி முடித்திருந்த ஷோவா பாலத்தின் தளங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஆற்றில் விழுந்தன. தரையிலிருந்து மணலும் தண்ணீரும் கலந்து ஊற்று மாதிரி பீறிட்டன. மண்ணுக்கடியில் புதைத்திருந்த காலித் தொட்டிகள் மேலே மிதந்து வந்தன.

நேற்றுவரை நாலு மாடிக் கட்டடத்தைத் தாங்கிய மணல், ஒரு சில நொடிகளில் எப்படிக் கஞ்சி மாதிரி ஆனது? இந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் உலகம் முழுக்கச் சில ஆய்வுக்கூடங்களில் மணலை அழுத்துகிறார்கள், குலுக்குகிறார்கள், முறுக்குகிறார்கள். கேட்பதற்குக் குழந்தை விளையாட்டு மாதிரி இருக்கும். ஆனால் துறைமுகம், மேம்பாலத் தூண், கடலுக்குள் நிற்கும் காற்றாலை, நீங்கள் கடன் வாங்கி வாங்கப்போகும் அபார்ட்மென்ட் எனப் பலவற்றின் அஸ்திவாரக் கணக்கு இந்தச் சோதனைகளில் இருந்துதான் தொடங்குகிறது.

அரிசி டப்பா கணக்கு

வீட்டில் டப்பாவில் அரிசி கொட்டும்போது கவனித்திருப்பீர்கள். விளிம்புவரை நிரம்பிவிடும். டப்பாவை நாலு தட்டுத் தட்டினால் அரிசி கீழே இறங்கும், இன்னும் ஒரு டம்ளர் கொட்டலாம். தளர்வாகக் கிடக்கும் மணலும் இப்படித்தான். ஆட்டினால் சுருங்கும்.

இதற்கு நேர் எதிரான குணமும் மணலுக்கு உண்டு. மெரினாவில் அலை வந்து போன ஈர மணலில் காலை வையுங்கள். பாதத்தைச் சுற்றி மணல் சட்டென்று வெளிறி, காய்ந்தது போலத் தெரியும். அழுத்தினால் தண்ணீர் வெளியேதானே வர வேண்டும், ஏன் உள்ளே போகிறது? 1885-ல் பிரிட்டிஷ் விஞ்ஞானி ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் இதற்கு விளக்கம் சொன்னார். அலை அடித்து அடித்து அங்கே மணல் நெருக்கமாக அடைந்திருக்கிறது. நெருக்கமாக இருக்கும் மணிகள் நகர வேண்டுமென்றால் ஒன்றின் மேல் ஒன்று ஏறித்தான் நகர முடியும். ஏறும்போது இடைவெளி பெரிதாகிறது, அந்த இடைவெளிக்குள் தண்ணீர் இறங்குகிறது. மேற்பரப்பு காய்ந்த மாதிரி தெரிகிறது.

ஆக, தளர்வான மணலை நகர்த்தினால் சுருங்கும், இறுக்கமான மணலை நகர்த்தினால் விரியும். இரும்பு, ரப்பர், கான்கிரீட் எதற்கும் இந்த அளவுக்கு இப்படி ஒரு குணம் கிடையாது. மணலின் மொத்தத் தலைவலியும் இங்கிருந்துதான் ஆரம்பம்.

இப்போது இதில் தண்ணீரைச் சேருங்கள். மணிகளுக்கு நடுவே உள்ள ஒவ்வொரு இடைவெளியும் தண்ணீரால் நிரம்பியிருக்கிறது. நிலநடுக்கம் வருகிறது. தளர்வான மணல் சுருங்கப் பார்க்கிறது. சுருங்க வேண்டுமென்றால் தண்ணீர் வெளியேற வேண்டும். ஆனால் ஆட்டம் நொடிக் கணக்கில் முடிந்துவிடும், தண்ணீர் வெளியேற நிமிடங்களோ மணிகளோ ஆகும். வழியில்லாமல் மாட்டிக்கொண்ட தண்ணீர், மணிகள் தாங்கிக்கொண்டிருந்த பாரத்தைத் தன் தலையில் வாங்கிக்கொள்கிறது. மணிக்கும் மணிக்கும் இடையேயான பிடி தளர்கிறது. முழுப் பாரமும் தண்ணீருக்கு மாறிவிட்டால் மணிகள் ஒன்றையொன்று தொடுவதே பெயருக்குத்தான். அந்த நிமிடத்தில் மணல் திடப்பொருள் இல்லை. பொறியாளர்கள் இதை ‘லிக்விஃபேக்‌ஷன்’ என்கிறார்கள், தமிழில் மண் திரவமாதல்.

மண்ணின் வலிமையை முடிவு செய்வது மொத்த அழுத்தம் அல்ல, அதிலிருந்து இந்தத் துளைநீர் அழுத்தத்தைக் கழித்தால் மிஞ்சுவதுதான் என்ற கணக்கை 1920-களில் கார்ல் டெர்சாகி நிறுவினார். மண் இயந்திரவியல் என்ற துறையே அந்த ஒரு கழித்தலின் மேல்தான் நிற்கிறது என்றால் மிகையில்லை.

ரப்பர் உறைக்குள் ஒரு கடற்கரை

சரி, இதை ஆய்வுக்கூடத்தில் எப்படிப் பார்ப்பது? அதிகம் புழங்கும் கருவி டிரையாக்சியல். ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான தடிமன் உள்ள ரப்பர் உறைக்குள் மணலை உருளையாக நிரப்புகிறார்கள். வழக்கமான அளவு 38 மில்லிமீட்டர் விட்டம், 76 மில்லிமீட்டர் உயரம். பெரிய மாதிரிகளும் உண்டு. அதை ஒரு கண்ணாடி அறைக்குள் வைத்து, சுற்றிலும் தண்ணீர் நிரப்பி அழுத்தம் கொடுக்கிறார்கள். 100 கிலோபாஸ்கல் கொடுத்தால், நிலத்தடி நீருக்குக் கீழே சுமார் 10 மீட்டர் ஆழத்தில் இருக்கும் மண் உணரும் இறுக்கம் கிடைத்துவிடும். பிறகு மேலிருந்து ஒரு தண்டு மணலை அழுத்தும், அல்லது அழுத்தி அழுத்தி விடும். மேல்கீழ் ஓர் அச்சு, பக்கவாட்டில் இரண்டு அச்சு, அதனால் பெயர் ‘மூவச்சு’.

படிக்க எளிதாக இருக்கிறது. செய்து பார்த்தவர்களைக் கேட்டால் வேறு கதை சொல்வார்கள். மணல் ஒரு களிமண் உருண்டை அல்ல. பிடித்து வைத்தால் நிற்காது. உறைக்குள் வெற்றிடம் கொடுத்து உறிஞ்சி வைத்துத்தான் நிறுத்த வேண்டும். (வேக்யூம் பேக் செய்த காபித்தூள் பாக்கெட் கல் மாதிரி இருக்கும், கத்தரித்ததும் பொலபொலவென்று ஆகிவிடும் இல்லையா, அதே தந்திரம்தான்.) உள்ளே ஒரு காற்றுக்குமிழிகூட இருக்கக் கூடாது. குமிழி இருந்தால் அது ஸ்பிரிங் மாதிரி அமுங்கி, துளைநீர் அழுத்தத்தைப் பொய்யாகக் குறைத்துக் காட்டும். அதனால் முதலில் கார்பன் டை ஆக்சைடைச் செலுத்தி, உள்ளே இருக்கும் சாதாரணக் காற்றை விரட்டுகிறார்கள். பிறகு காற்று நீக்கிய தண்ணீர். கார்பன் டை ஆக்சைடு தண்ணீரில் எளிதாகக் கரைந்துவிடும், சோடா கம்பெனிக்காரர்களுக்குத் தெரிந்த விஷயம்தான். அப்புறமும் மிச்சம் மீதி குமிழிகளைக் கரைக்க உள்ளே இருக்கும் தண்ணீருக்கே அழுத்தம் ஏற்றுவார்கள். வெளி அழுத்தத்தைக் கொஞ்சம் கூட்டினால் உள்ளே இருக்கும் நீரின் அழுத்தமும் குறைந்தது 95 சதவீதம் அதே அளவு ஏறுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் உண்மையான சோதனையே தொடங்கும். அதற்குள் ஒரு நாள் போயிருக்கும்.

மணலை ஊற்றும் விதம்கூட விடையை மாற்றும் என்பதுதான் ஆராய்ச்சியாளர்களைக் குழப்பிய விஷயம். உலர்ந்த மணலை உயரத்தில் இருந்து மழை போலப் பொழியலாம். தண்ணீருக்குள் விழ விடலாம். லேசாக ஈரப்படுத்தி, அடுக்கடுக்காகத் தட்டி இறுக்கலாம். மூன்றிலும் கடைசியில் ஒரே எடை, ஒரே கொள்ளளவு, அதாவது ஒரே அடர்த்தி வருமாறு செய்யலாம். ஆனாலும் குலுக்கும்போது அவை வெவ்வேறு எண்ணிக்கையில் தாக்குப்பிடித்தன. காரணம், மணிகள் அடுங்கியிருக்கும் ஒழுங்கு. நீளவாக்கில் இருக்கும் மணி விழும்போது பெரும்பாலும் படுத்துக்கொள்ளும். தாம்பாளத்தில் அரிசியைத் தூவிப் பாருங்கள், எது நட்டமாக நிற்கிறது? மணலுக்கு இப்படி ஓர் ‘இழை’ உண்டு, மரத்துக்கு இருப்பது போல.

இதனால்தான் உலகம் முழுக்க ஒப்பிட்டுப் பார்க்கச் சில குறிப்பிட்ட மணல்களையே பயன்படுத்துகிறார்கள். ஜப்பானில் யமகுச்சி மாகாணத்து டொயோரா மணல், அமெரிக்காவில் இலினாய் மாநிலத்து ஒட்டாவா மணல், இங்கிலாந்தில் லெய்ட்டன் பஸ்ஸார்ட் மணல். நம் ஊருக்கும் இதில் ஓர் இடம் உண்டு. சிமென்ட்டைச் சோதிக்க இந்தியத் தர நிர்ணய அமைப்பு வகுத்த ‘ஸ்டாண்டர்ட் சாண்ட்’ நம்ம எண்ணூர் மணல்தான். 2 மில்லிமீட்டரில் இருந்து 90 மைக்ரான் வரை மூன்று தரமாகச் சலித்து விற்கிறார்கள். இந்தியக் கல்லூரிகளின் மண் ஆய்வுக்கூடங்களில் ஆராய்ச்சி மாணவர்கள் கையில் எடுக்கும் மணலும் பல நேரம் அதுவே.

குலுக்கியது யார்?

1964-ல் நிகாட்டாவுக்குச் சில மாதங்களுக்கு முன் அலாஸ்காவிலும் பெரும் நிலநடுக்கம் நடந்திருந்தது. ஒரே ஆண்டில் இரண்டு. பெர்க்லி கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் போல்டன் சீட், கென்னத் லீ இருவரும் டிரையாக்சியல் கருவியில் மணலை ஒரே தடவை அழுத்துவதற்குப் பதில், மாற்றி மாற்றி அழுத்தி இழுத்தார்கள். 1966-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். முதல் பல சுழற்சிகளில் மணல் அசையவே இல்லை. வெளியே இருந்து பார்த்தால் திடமாக நிற்கிறது. உள்ளே துளைநீர் அழுத்தம் மட்டும் ஒவ்வொரு சுழற்சிக்கும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறிக்கொண்டே போனது. அது சுற்று அழுத்தத்தைத் தொட்ட அடுத்த ஓரிரு சுழற்சியில் மாதிரி குழைந்து சரிந்தது. எச்சரிக்கை எதுவும் தராமல் கடைசி நிமிடத்தில் கைவிடும் பொருள் இது என்று அன்றுதான் கையில் எண்ணாகக் கிடைத்தது.

இதிலிருந்து பிறந்த கணக்கு எளிமையானது. 7.5 அளவு நிலநடுக்கத்தைச் சுமார் 15 சீரான சுழற்சிகளுக்குச் சமமாக எடுத்துக்கொள்ளுங்கள், 15 சுழற்சியில் மணலைக் குழைய வைக்க எவ்வளவு விசை தேவை என்று பாருங்கள், அதை நிலநடுக்கம் தரும் விசையோடு ஒப்பிடுங்கள். இந்த அணுகுமுறையின் வாரிசுகள் இன்றும் உலக நாடுகளின் விதிமுறைகளில் இருக்கின்றன. நம்முடைய ஐ.எஸ். 1893 (பகுதி 1) 2016 பதிப்பின் பின்னிணைப்பிலும் திரவமாதலைச் சரிபார்க்கும் முறை உண்டு.

ஆனால் பெர்க்லி குழுவுக்கே ஒரு சந்தேகம் இருந்தது. நிலநடுக்கம் நிலத்தை மேலிருந்து அழுத்தி இழுப்பதில்லையே. பக்கவாட்டில் அல்லவா ஆட்டுகிறது? சீட்டுக்கட்டைக் கையில் வைத்து மேல் பக்கத்தைத் தள்ளினால் சாய்கிறதே, அதுபோல. அப்படித் தள்ளும் வேறு கருவியில் சோதித்தபோது, டிரையாக்சியலில் கிடைத்த வலிமையில் சுமார் 0.6 முதல் 0.7 பங்குதான் தேறியது. அப்புறம், நிலம் வடக்கு-தெற்காக மட்டுமா ஆடும்? கிழக்கு-மேற்காகவும் சேர்ந்துதானே ஆடும்? 1970-களில் இரு திசையிலும் சேர்த்து ஆட்டிப் பார்த்ததில், உலர்ந்த மணல் கீழிறங்கிய அளவு இரண்டு திசைகளிலும் தனித்தனியே ஆட்டியதன் கூட்டுத்தொகைக்குக் கிட்டத்தட்டச் சமமாக வந்தது. அதற்காக வலிமையில் இன்னொரு 10 சதவீதம் போல் கழித்தார்கள்.

பாருங்கள், கருவி எளிமையாக இருந்தால் மணல் உண்மையைவிடப் பலமாகத் தெரிகிறது. பொறியாளருக்கு இதைவிட ஆபத்தான பொய் வேறில்லை.

லாரி வரும்போது மண்ணுக்கு என்ன நடக்கிறது?

இங்கேதான் சிக்கலான சுமை என்ற விஷயம் வருகிறது. மண்ணுக்குள் எந்தப் புள்ளியை எடுத்தாலும், ஏதோ ஒரு திசையில் அழுத்தம் அதிகபட்சமாக இருக்கும். கட்டடத்துக்கு நேர் கீழே அந்தத் திசை செங்குத்து. கொஞ்சம் தள்ளிப் போனால் சாய்வு.

இப்போது சாலைக்கு அடியில் ஒரு மணல் மணியாக உங்களைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். தூரத்தில் லாரி வருகிறது. அழுத்தம் முதலில் லாரி வரும் பக்கத்தில் இருந்து சாய்வாக வருகிறது. லாரி தலைக்கு மேல் வரும்போது நேர் மேலிருந்து. கடந்து போனதும் எதிர்ப்பக்கம் இருந்து. அழுத்தத்தின் அளவு மட்டும் மாறவில்லை, திசையும் சுழன்றுவிட்டது. கடலடி மணலில் இது இன்னும் சுத்தமாகத் தெரியும். கடலில் ஓர் அலை மேலே கடந்து போகும்போது, அடியில் இருக்கும் மண்ணில் கோட்பாட்டின்படி சறுக்கு விசையின் அளவு மாறுவதே இல்லை, அதன் திசை மட்டும் கடிகார முள் மாதிரி சுற்றிக்கொண்டே இருக்கும்.

சாதாரண டிரையாக்சியலால் இதைச் செய்ய முடியாது. அதற்குத் தெரிந்தது மேல்கீழ், பக்கவாட்டு ஆகிய இரண்டே திசைகள். இதற்காக வந்ததுதான் ‘ஹாலோ சிலிண்டர்’ கருவி.

மெதுவடையை உயரவாக்கில் நீட்டியது போல, நடுவில் ஓட்டையுள்ள மணல் உருளை. உள்ளே ஓர் உறை, வெளியே ஓர் உறை. 1980-களின் தொடக்கத்தில் லண்டன் இம்பீரியல் கல்லூரியில் உருவான பெரிய கருவியில் மாதிரியின் வெளிவிட்டம் 254 மில்லிமீட்டர், உள்விட்டம் 203, உயரம் 254. அதாவது சுவர் தடிமன் ஓர் அங்குலம். இதற்கு நான்கு கைப்பிடிகள்: மேலிருந்து அழுத்தலாம், ஜாடி மூடியைத் திருகுவது மாதிரி முறுக்கலாம், உள் ஓட்டையில் ஓர் அழுத்தம், வெளியே வேறோர் அழுத்தம். நான்கையும் கணினி மூலம் ஒரே நேரத்தில் ஒத்திசைத்தால், அழுத்தத்தின் அளவை அப்படியே பிடித்துக்கொண்டு திசையை மட்டும் சுழற்ற முடியும்.

குறையும் இருக்கிறது. உள்ளும் வெளியும் அழுத்தம் வேறுபட்டால் சுவரின் உட்பக்கமும் வெளிப்பக்கமும் ஒரே மாதிரி உணர்வதில்லை. கணக்கில் வருவது சராசரிதான். ஓர் அங்குலச் சுவரில் மணலைச் சீராக நிரப்புவதும் லேசுப்பட்ட வேலை இல்லை. ஆனாலும் மண் இயந்திரவியலில் இதைவிடக் கெட்டிக்காரக் கருவி அதிகம் இல்லை என்பேன்.

திசையைச் சுழற்றினால்?

1983-ல் டோக்கியோ பல்கலைக்கழகத்தில் கென்ஜி இஷிஹாராவும் இக்குவோ டொவாட்டாவும் டொயோரா மணலில் கடல் அலையின் இந்தச் சுழற்சியைப் போட்டுப் பார்த்தார்கள். சறுக்கு விசையின் அளவு மாறவில்லை. பழைய பாடப்புத்தகக் கணக்குப்படி, அளவு மாறவில்லை என்றால் மணலுக்கும் ஒன்றும் ஆகக் கூடாது. ஆனால் துளைநீர் அழுத்தம் ஏறிக்கொண்டே போனது. திசை சுழல்வது மட்டுமே மணலைத் தளர்த்தப் போதுமானதாக இருந்தது.

ஏன்? மணிகள் வழியாகப் பாரம் கடத்தப்படுவது சீராக அல்ல, சங்கிலி சங்கிலியாக. அதிகம் அழுத்தும் திசையில் மணிகள் தோளோடு தோள் நின்று தூண் மாதிரி வரிசை கட்டுகின்றன. பாரத்தின் திசை மாறினால் அந்த வரிசை பயனில்லை. அது கலைந்து, புதிய திசையில் புதிய வரிசை உருவாக வேண்டும். கலையும்போதெல்லாம் மணிகள் கொஞ்சம் இறங்குகின்றன. தண்ணீர் மாட்டிக்கொள்கிறது.

இன்னொரு முடிவு இதைவிடக் கவலை தரக்கூடியது. 1990-களில் அதே டோக்கியோ வட்டாரத்தில் இருந்து வந்தது. ஒரே டொயோரா மணல், ஒரே அடர்த்தி, ஒரே சுற்று அழுத்தம். மேலிருந்து அழுத்தியபோது மணல் விரிய முயன்று, கெட்டிப்பட்டு நின்றது. அழுத்தும் திசையைப் படிப்படியாகப் பக்கவாட்டுக்கு மாற்றிக்கொண்டே போனால் அதே மணல் சுருங்கி, இளகி, வலிமையில் பெரும்பகுதியை இழந்தது. படுத்திருக்கும் மணிகளை மேலிருந்து அழுத்துவது வேறு, பக்கத்தில் இருந்து தள்ளுவது வேறு. இதை ஓர் அணைக்கரைக்குப் பொருத்திப் பாருங்கள். கரையின் உச்சிக்குக் கீழே மண் செங்குத்தாக அழுத்தப்படுகிறது, அடிவாரத்தில் பக்கவாட்டில் தள்ளப்படுகிறது. உச்சிக்குக் கீழே இருந்து எடுத்த எண்ணை அடிவாரத்துக்கும் போட்டால் கணக்கு தப்பு.

குலுங்கிய வரலாறும் நினைவில் இருக்கிறது மணலுக்கு. லேசான குலுக்கல்களை வாங்கிய மணல் அடுத்த முறை நன்றாகத் தாங்குகிறது. பெரிதாகக் குலுங்கி நிலைகுலைந்த மணல், அடர்த்தி கூடியிருந்தாலும், அடுத்த முறை எளிதாகக் குழைகிறது. நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச்சில் 2010 செப்டம்பர், 2011 பிப்ரவரி, 2011 ஜூன் எனச் சில மாத இடைவெளியில் சில பகுதிகள் திரும்பத் திரும்பத் திரவமாகின. ‘ஒரு தடவை ஆகிவிட்டது, இனி இறுகிவிடும்’ என்று நம்ப முடியவில்லை. அரசு சுமார் 8,000 வீடுகள் இருந்த நிலத்தைக் குடியிருக்கத் தகாதது என்று வரையறுத்து, பெரும்பாலானவற்றை விலை கொடுத்து வாங்கியது.

10 கோடி தடவை தள்ளினால்

இந்த ஆராய்ச்சிக்கு இப்போது பணம் வரும் இடம் நிலநடுக்கம் மட்டும் அல்ல, கடல் காற்றாலையும்தான். வடகடலில் நிற்கும் பெரும்பாலான காற்றாலைகளின் அஸ்திவாரம், கடலடி மண்ணில் அறைந்து இறக்கிய ஒற்றை ராட்சத இரும்புக் குழாய். காற்றும் அலையும் அதை நாள் முழுக்கத் தள்ளிக்கொண்டே இருக்கும். 25 ஆண்டு ஆயுளில் சுமார் 10 கோடி தடவை. ஒவ்வொரு தள்ளலும் சின்னது. ஆனால் மணல் முழுசாகப் பழைய இடத்துக்குத் திரும்பாது. இம்மியளவு மிச்சம் வைக்கும். மிச்சங்கள் சேர்ந்து கோபுரம் சாயும். நிரந்தரச் சாய்வு, நிறுவும்போது வந்த பிழையையும் சேர்த்து, வழக்கமாக அரை டிகிரிக்குள் இருக்க வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள்.

நொடிக்கு ஒரு சுழற்சி என்று ஆய்வுக்கூடத்தில் 10 கோடியையும் ஓட்டினால் மூன்று வருடத்துக்கு மேல் ஆகும். அதுவும் ஒரே ஒரு மாதிரிக்கு. ஆகவே ஜெர்மனியில் ஒரு லட்சம் சுழற்சிவரை ஓட்டி (இதற்கே ஒரு நாளுக்கு மேல்) அங்கிருந்து சூத்திரம் வகுத்தார்கள். அதிலும் ஒரு செய்தி: ஒரே திசையில் தள்ளிக்கொண்டிருந்துவிட்டுத் திடீரென்று திசையை மாற்றினால், அடங்கிப்போயிருந்த இறக்கம் மறுபடி வேகம் எடுக்கிறது. கடலில் காற்று ஒரே திசையில் அடிக்கும் என்று யார் உத்தரவாதம் தருவது?

இதை ஏன் நாம் படிக்க வேண்டும் என்றால், 2024 ஜூனில் மத்திய அமைச்சரவை 1,000 மெகாவாட் கடல் காற்றாலைக்கு நிதியுதவித் திட்டத்தை அனுமதித்தது. குஜராத் கடலில் 500, தமிழகக் கடலில் 500. துறைமுக மேம்பாட்டையும் சேர்த்து மொத்த ஒதுக்கீடு 7,453 கோடி ரூபாய். தென்கோடிக் கடலின் மணல் வடகடல் மணல் அல்ல, அலையும் காற்றும் வேறு. டன்கிர்க் மணலுக்கு ஆக்ஸ்போர்டும் இம்பீரியலும் செய்த சோதனைகளை அப்படியே எடுத்து இங்கே ஒட்ட முடியாது. அந்தந்த மண்ணை எடுத்து, அந்தந்தச் சுமையில் சோதித்தே ஆக வேண்டும். அஸ்திவாரத்தைத் தேவைக்கு மேல் பெரிதாக்கினால் மின்சாரத்தின் விலை ஏறும், சிறிதாக்கினால் கோபுரம் சாயும்.

ஆய்வுக்கூடத்தை எவ்வளவு நம்பலாம்?

நியாயமான கேள்வி. களிமண்ணைக் கேக் வெட்டுவது மாதிரி வெட்டி எடுத்து வரலாம். நிலத்தடி மணலை அப்படி எடுக்க முடியாது. குழாயை இறக்கும்போதே அடுக்கு கலைந்துவிடும். ஜப்பானியர்கள் இதற்கு அசாத்தியமான வழி ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். நிலத்துக்குள் குழாய் இறக்கிக் குளிரூட்டி, மண்ணை அப்படியே உறைய வைத்து, ஐஸ் கட்டியாக அறுத்து எடுத்து வந்து, கருவிக்குள் வைத்த பிறகு உருக விட்டார்கள். நிகாட்டா மணலையே இப்படி எடுத்துச் சோதித்தார்கள். பல்லாண்டு காலம் நிலத்தில் கிடந்த மணல், அதே அடர்த்தியில் ஆய்வுக்கூடத்தில் புதிதாக ஊற்றிய மணலைவிடப் பலமாக இருந்தது. வயதும் ஒரு வலிமைதான் போல. ஆனால் செலவு எக்கச்சக்கம். அணைகள் போன்ற பெரிய திட்டங்களுக்கு மட்டுமே கட்டுப்படியாகும்.

புவியீர்ப்பும் ஒரு தொல்லை. மாதிரியின் அடிப்பகுதி மேல்பகுதியையும் சேர்த்துச் சுமக்கிறது. மிக மிகக் குறைந்த அழுத்தத்தில் மணலின் நடத்தையைப் பார்க்க வேண்டுமென்றால் அந்தச் சொந்த எடையே சோதனையைக் கெடுத்துவிடும். அதனால் நாசா 1996-லும் 1998-லும் விண்வெளி ஓடத்தில் மணல் உருளைகளை அனுப்பி எடையற்ற நிலையில் அழுத்திப் பார்த்தது. மூன்றாவது முறை போனது 2003-ல், கொலம்பியா ஓடத்தில். கல்பனா சாவ்லா உட்பட ஏழு பேரைப் பலிகொண்ட அந்தக் கடைசிப் பயணத்தில் மணல் சோதனையும் ஒன்றாக இருந்தது.

இப்போது பிரான்சின் கிரெனோபிள் போன்ற இடங்களில் டிரையாக்சியல் கருவியை எக்ஸ்ரே ஸ்கேனருக்குள்ளேயே வைத்துவிடுகிறார்கள். மருத்துவமனை சிடி ஸ்கேன் மாதிரிதான். அழுத்திக்கொண்டே படம் எடுத்து, ஆயிரக்கணக்கான மணிகளில் ஒவ்வொன்றும் எங்கே நகர்ந்தது, எவ்வளவு உருண்டது என்று பின்தொடர்கிறார்கள். மாதிரி முழுதும் ஒரே மாதிரி சிதைவதில்லை, பத்துப் பதினைந்து மணி அகலமுள்ள ஒரு மெல்லிய பட்டையில்தான் எல்லாம் நடக்கிறது என்பது கண்ணாலேயே தெரிகிறது.

காண்ட்லாவும் சென்னையும்

2001 ஜனவரி 26 குஜராத் நிலநடுக்கத்தில் கட்ச் ரண் பகுதியில் பெரும்பரப்பில் மண் திரவமானது. காண்ட்லா துறைமுகத்தில் சுமார் 22 மீட்டர் உயர அலுவலகக் கோபுரம் ஒன்று, பைல் அஸ்திவாரம் போட்டிருந்தும், கடல் பக்கம் சாய்ந்தது. நிகாட்டா நம் வீட்டு வாசலுக்கு வந்த நாள் அது. அதற்குப் பிறகுதான் இந்தியாவில் இந்த ஆராய்ச்சி சூடு பிடித்தது. பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தில் சபர்மதி ஆற்று மணலைச் சுழற்சிச் சோதனைகளுக்கு உட்படுத்தினார்கள்.

சென்னை 2002 திருத்தத்தில் இரண்டாம் நிலநடுக்க மண்டலத்தில் இருந்து மூன்றாம் மண்டலத்துக்கு மாறியது. இதைப் படித்துவிட்டுக் கடற்கரையோர வீட்டைக் காலி செய்ய வேண்டியதில்லை. நிலநடுக்கம் வலுவாக இருக்க வேண்டும், மணல் தளர்வாக இருக்க வேண்டும், நிலத்தடி நீர் மேலே இருக்க வேண்டும். மூன்றும் சேர்ந்தால்தான் பிரச்சினை. நிலநடுக்கம் நம் கையில் இல்லை. மற்ற இரண்டும் காகிதத்தில் இருக்கும்.

வீடு வாங்கப் போகிறவர்கள் பில்டரிடம் பால்கனி வியூ, கார் பார்க்கிங் எல்லாம் கேட்கிறோம். ‘சாயில் டெஸ்ட் ரிப்போர்ட் காட்டுங்க’ என்றும் கேட்கலாம். அதில் பார்க்க வேண்டியது: போர் எத்தனை மீட்டர் ஆழம் போட்டார்கள், நிலத்தடி நீர்மட்டம் எவ்வளவு, ஒவ்வொரு ஆழத்திலும் ‘என்’ எண் எவ்வளவு. 63.5 கிலோ சுத்தியலை 75 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்து போட்டு, குழாய் 30 சென்டிமீட்டர் இறங்க எத்தனை அடி தேவைப்பட்டது என்பதுதான் அந்த எண். மணலில் அது 10-க்குக் கீழே இருந்தால் தளர்வு என்று பொருள். நீர்மட்டத்துக்குக் கீழே அப்படி ஓர் அடுக்கு இருந்தால், திரவமாதல் சரிபார்க்கப்பட்டதா, ஆம் என்றால் அந்தப் பக்கம் எங்கே என்று கேளுங்கள். மணலை இறுக்கினார்களா, அல்லது பைலை அந்த அடுக்கைத் தாண்டி இறக்கினார்களா என்பது அடுத்த கேள்வி. ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்ட பொறியாளரிடமே நேரில் கேட்பது இன்னும் நல்லது.